ஆதாரம் உங்கள் பெட்டியில் இல்லை: அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்குப் பண ஆதரவைக் காட்டும் வழி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 'ஆதாரம்' என்றால் நிலப் பத்திரம். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் அதே சொல்லுக்குச் சான்று என்று பொருள். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, "விசாவுக்குப் பண ஆதாரம் காட்ட வேண்டும்" என்று தொலைபேசியில் சொன்ன அன்று, அப்பா நேராக உள்ளறைக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த தென்னந்தோப்பின் ஆதாரத்தையும் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதுகளையும் கொண்டுவந்து என் முன் வைத்து, "இது போதுமா?" என்றார்.

போதாது என்பது மட்டுமல்ல, கேட்கப்பட்டதே அது அல்ல. சித்தூர் தாலுகாவின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதே குழப்பத்தைப் பிறகு பார்த்துவிட்டேன். மாணவர் விசாவுக்குப் பையனுக்காக வங்கி இருப்பைக் காட்டிய நினைவில், பெற்றோரின் குடியேற்ற விசாவுக்கும் வங்கியில் பணம் சேர்க்கிறார்கள். கடன் வாங்கிக்கூட வைப்புத் தொகை போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குடியேற்ற விசாவில் கேள்வி, உங்களிடம் இன்று எவ்வளவு இருக்கிறது என்பது அல்ல. அங்கே போன பிறகு உங்களை யார் தாங்குவார்கள், அவர்களால் முடியுமா என்பதுதான். விடை பெரும்பாலும் உங்கள் மகனோ மகளோ அமெரிக்க அரசுக்குக் கட்டிய வருமான வரிக் கணக்கில் இருக்கிறது.

எந்தக் காகிதம்

குடும்ப உறவின் வழியாகப் போகிறவர்களுக்குத் தேவையான படிவத்தின் பெயர் ஐ-864. ஸ்பான்சர் பேப்பர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1996-இல் வந்த சட்டத்தின்படி, 1997 டிசம்பர் 19 முதல் இது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். அதற்கு முன் ஒரு வாக்குறுதிக் கடிதம் போல இருந்தது. இப்போது அப்படி இல்லை.

ஐ-134 என்று இன்னொரு படிவம் உண்டு. அது திருமணம் நிச்சயமானவர்களின் விசா போன்றவற்றுக்கு. பெயரும் நோக்கமும் ஒன்றுபோலத் தோன்றுவதால் இடம் மாறிவிடும். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று, அங்கே இருக்கும் உறவினர் போடும் ஐ-130 மனு வழியாகப் போகிறவர்களுக்கு ஐ-864 தான். வேலை வழியாகக் குடியேறுகிறவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. வேலை தரும் நிறுவனத்தில் உறவினருக்கு 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் தேவை.

படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டியவர், மனு போட்டவர். அவரைத்தான் ஸ்பான்சர் என்கிறார்கள். அவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும், அமெரிக்காவில் நிலையான இருப்பிடம் இருக்க வேண்டும். துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்த்துக்கொண்டு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் பகுதியில் உண்டு. அவர்கள் இந்த இருப்பிடப் பகுதியில்தான் சிக்குகிறார்கள். பெற்றோர் நுழையும் நாளுக்குள் தாங்களும் அங்கே திரும்பிக் குடியமரப் போவதை வீட்டு ஒப்பந்தம், வேலைக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை போன்றவற்றால் காட்ட வேண்டும்.

மனு போட்டவருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் அவர் ஐ-864 கொடுத்தே ஆக வேண்டும். வேறு யாராவது பணக்காரர் கையெழுத்திட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

தலையை எண்ணுவது

நாங்கள் தவறியது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தேவையான வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க அரசு ஒவ்வொரு ஆண்டும் வறுமைக்கோட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் உள்ள தொகையின் 125 சதவீதமாவது ஸ்பான்சரின் வருமானம் இருக்க வேண்டும். ராணுவத்தில் பணியில் இருப்பவர் தன் கணவனுக்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோ மனு போட்டால் 100 சதவீதம் போதும். 125 சதவீதக் கணக்கைப் போட்டே தரும் பட்டியலின் பெயர் ஐ-864பி. 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான மாநிலங்களில், இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், நான்கு பேருக்கு 40,187, ஐந்து பேருக்கு 47,062, ஆறு பேருக்கு 53,937. தொகை ஆண்டுதோறும் மாறுவதால் உங்கள் விண்ணப்பத்தின் காலத்துக்குரிய பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கணக்கில் யார் யார் வருவார்கள்? ஸ்பான்சர், அவருடைய கணவன் அல்லது மனைவி, மணமாகாத சிறு பிள்ளைகள், வரிக் கணக்கில் தன்னைச் சார்ந்தவர்கள் என்று காட்டியிருக்கும் மற்றவர்கள், இப்போது குடியேறப் போகிறவர்கள். இவர்களோடு, முன்பு வேறு யாருக்காவது ஐ-864 கையெழுத்திட்டு அந்தப் பொறுப்பு இன்னும் தீராமல் இருந்தால் அவர்களும் சேருவார்கள். கடைசியாகச் சொன்னவர்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் தம்பிக்குக் கையெழுத்திட்டவர், இன்று அம்மாவுக்குக் கையெழுத்திடும்போது அந்தத் தம்பியையும் எண்ண வேண்டும், அவன் தனி வீட்டில் தன் சம்பாத்தியத்தில் இருந்தாலும்.

எங்கள் வீட்டில் அக்கா, மாமா, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேரை எழுதி, அதற்குரிய தொகையைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டோம். குடியேறப் போகிற அப்பாவையும் அம்மாவையும் யாரும் எண்ணவில்லை. குடியுரிமை பெற்ற பிள்ளை பெற்றோருக்கு மனு போடும்போது அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தனித்தனி மனு. படிவமும் தனித்தனி. ஆனால் இரண்டு பொறுப்பும் ஒரே தலையில்தான் விழும் என்பதால் முதலிலிருந்தே ஆறு பேர் என்று கணக்கிட்டுத் திட்டமிடுவதுதான் பாதுகாப்பு. ஆறு என்று எண்ணியதும் அக்காவின் வருமானம் மட்டும் போதவில்லை என்று தெரிந்தது.

மாப்பிள்ளையிடம் கேட்பது

அங்கே ஒரு வழி இருக்கிறது. ஸ்பான்சரோடு ஒரே வீட்டில் இருக்கும் கணவன், மனைவி, வயது வந்த பிள்ளை போன்றவர்கள் தங்கள் வருமானத்தையும் சேர்க்கலாம். அதற்கு ஐ-864ஏ என்ற கூடுதல் ஒப்பந்தம். ஸ்பான்சரும் வருமானம் சேர்ப்பவரும் இரண்டு பேருமே அதில் கையெழுத்திட வேண்டும்.

படிவம் இரண்டு நிமிட வேலை. அம்மா அதை ஏற்க எடுத்துக்கொண்டது ஒரு வாரம். "பெண் வீட்டுச் சோற்றைத் தின்னப் போவதே சங்கடம். இதில் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்து, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தக் கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால், பாரம் தெரியாமலே ஒருவர் கையெழுத்திடுவார். அதுதான் பெரிய சங்கடம்.

ஏனென்றால் இந்தக் கையெழுத்து சுலபத்தில் அழியாது. குடியேறியவர் அமெரிக்கக் குடியுரிமை பெறும் வரை, அல்லது வேலைக் கணக்கில் 40 காலாண்டுகள் சேரும் வரை, அதாவது ஏறக்குறைய பத்து ஆண்டு உழைப்பு சேரும் வரை, அல்லது நிரந்தரக் குடியிருப்பை விட்டு நாட்டைவிட்டே போகும் வரை, அல்லது இறக்கும் வரை பொறுப்பு நீடிக்கும். வயதான பெற்றோர் பத்து ஆண்டு வேலை பார்க்கப் போவதில்லை. கணவன் மனைவிக்குள் விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு முடிவதில்லை. தேவையை அடிப்படையாகக் கொண்ட அரசு உதவிகளைக் குடியேறியவர் பெற்றால், அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி அரசு ஸ்பான்சரிடம் கேட்கலாம். முதியவர்களின் மருத்துவச் செலவை நினைத்துப் பாருங்கள்: 65 வயது தாண்டியவராக இருந்தாலும், சொந்த வேலைக் கணக்கு இல்லாத கிரீன் கார்டுக்காரர், மெடிகேர் என்ற அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரவே ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீடுதான், பிரீமியம் பிள்ளைகளின் தலையில்தான்.

இதையெல்லாம் நான் தொலைபேசியில் மாமாவிடம் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அத்தையைக் கொடுங்கள்" என்றார். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்ததும் அம்மா, "பாஸ்போர்ட் போட்டோ எங்கே எடுப்பது?" என்று கேட்டார்.

வரிக் கணக்கு

அடுத்த வேலை முழுக்கவும் பிள்ளையுடையது. கடைசியாக முடிந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கு கட்டாயம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்க்கலாம், வருமானம் சீராக இருந்தால் நல்லது. அமெரிக்க வரித்துறை இலவசமாகத் தரும் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது வரிக் கணக்கின் சுருக்கப் பிரதிதான், எல்லாவற்றிலும் சுலபம். அதற்குப் பதிலாக வரிக் கணக்கான 1040 படிவத்தின் நகலைக் கொடுத்தால், அதோடு சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2, மற்ற வருமானத்தைக் காட்டும் 1099 படிவங்களும் எல்லா இணைப்புகளும் வேண்டும்.

கணவனும் மனைவியும் கூட்டாக வரி தாக்கல் செய்திருந்தால், அந்தத் தொகை இருவருடையதும் சேர்ந்தது. மகளின் வருமானம் மட்டும் எவ்வளவு என்று அதில் தெரியாது. அவளுடைய டபிள்யூ-2 இணைத்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். மாப்பிள்ளையின் வருமானமும் வேண்டுமென்றால் ஐ-864ஏ வேண்டும். கூட்டுக் கணக்கில் பெரிய தொகை இருக்கிறதே என்று சும்மா விட்டுவிடக் கூடாது.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் புரளும் பணம் எவ்வளவு என்பது கணக்கில்லை. செலவெல்லாம் கழித்து வரிக் கணக்கில் மிஞ்சிய தொகைதான் வருமானம். வரியைக் குறைப்பதற்காகச் செலவை ஏற்றிக் காட்டி வந்தவர்களுக்கு அதே கணக்கு இப்போது தடையாக நிற்கும்.

வரிக் கணக்கில் தொகை குறைவாக இருந்து, இப்போது நல்ல வேலை கிடைத்திருந்தால் பயப்பட வேண்டாம். விசா அதிகாரி தற்போதைய வருமானத்தையும் பார்ப்பார். வேலை தருபவரின் கடிதமும் கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும் அதற்கு உதவும்.

இனி, இரும்புப் பெட்டி

வருமானம் போதாதபோதுதான் சொத்துக்கு இடம் வருகிறது. குறையும் தொகையைப் போல ஐந்து மடங்கு சொத்து காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமகனின் மனைவி, குடிமகளின் கணவன், 18 வயது நிறைந்த பிள்ளை என்றால் மூன்று மடங்கு. 8,000 டாலர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு 40,000 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும், மனைவிக்கு 24,000 போதும். சொத்து ஸ்பான்சருடையதாக இருக்கலாம், குடியேறப் போகிறவருடையதாகவும் இருக்கலாம். அப்பாவின் தோப்பு உள்ளே வரக்கூடிய ஒரே வாசல் இதுதான்.

ஓராண்டுக்குள் விற்றுப் பணமாக்க முடிகிற சொத்தைத்தான் ஏற்பார்கள். கடன் இருந்தால் கழித்துத்தான் மதிப்பு. இங்கேதான் நம் மண்ணின் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.

தாத்தா பெயரிலேயே கிடந்து பாகம் பிரிக்காத நிலத்தை உங்கள் சொத்தென்று காட்ட முடியாது. நெல்வயலாக இருந்தால், கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அதை நினைத்தபடி மனையாக மாற்ற முடியாது. அரசின் நெல்வயல் பதிவேடான டேட்டா பேங்கில் வயல் என்று பதிவாகியிருக்கும் நிலத்துக்குப் பக்கத்து வீட்டுமனையின் விலையைப் போட்டு மதிப்பீடு வாங்குவது உண்மையும் ஆகாது, நிலைக்கவும் செய்யாது. வயலுக்கு வயல் விலையே போடுங்கள். தென்னந்தோப்பும் வீடும் இந்த விஷயத்தில் நேரானவை.

காகிதங்கள்: ஆதாரம், இந்த ஆண்டு கரம் கட்டிய ரசீது, வில்லேஜ் ஆபீசில் வாங்கும் கைவசச் சான்றிதழ், சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை. எருத்தேம்பதியில் இரண்டு ஏக்கரும் எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவர்களிடம் ஒரு கட்டு மலையாளத்திலும் மற்றொரு கட்டு, பட்டாவும் சிட்டாவுமாக, தமிழிலும் இருக்கும். இரண்டுக்குமே ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதிமொழி இல்லாத மொழிபெயர்ப்பு செல்லாது.

பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். தமிழில் முருகேசன் என்று எழுதியதை மலையாளத்தில் ஒருவர் 'ka' ஒலிக்குரிய எழுத்தைப் போட்டும் இன்னொருவர் 'ga' ஒலிக்குரிய எழுத்தைப் போட்டும் எழுதியிருப்பார்கள். அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது பத்திரத்தில் ஒரு முருகேசன், பாஸ்போர்ட்டில் வேறொரு முருகேசன் நிற்பார். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். அப்பாவின் ஆதாரத்தில் வீட்டுப்பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கேரள வருவாய்த்துறை தரும் ஒரே நபர் சான்றிதழை வாங்கி இணைத்தால் இந்தக் கேள்வி எழாது. அதற்குச் சில நாள் அலைய வேண்டியிருக்கும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

விற்ற பணம் அமெரிக்காவுக்கு வருமா என்ற சந்தேகம் அதிகாரிக்கு வரலாம். வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டவர் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் தன் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து, வரிச் சான்றுகளோடு, ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. அது தெரிந்திருந்தால் பதில் சொல்லலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: நிலத்தை இரண்டாம் துணையாக வையுங்கள். இந்தியச் சொத்தை மட்டும் நம்பிப் போகும் விண்ணப்பத்துக்குக் கேள்விகள் அதிகம். அதைவிட ஒரு கூட்டு ஸ்பான்சர் கிடைத்தால் வழி நேராகிவிடும்.

கூட்டு ஸ்பான்சர்

இவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ, 18 வயது நிறைந்தவர், தன் குடும்பத்தோடு உங்களையும் சேர்த்து எண்ணிய தொகையில் 125 சதவீதத்தைத் தனியாகவே எட்டுபவர். அக்காவின் வருமானத்தில் பாதியும் இவருடையதில் பாதியும் என்று கூட்டிக் காட்ட முடியாது. இவர் தனி ஐ-864, தன் வரிக் கணக்கு, தன் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு நகல் மூன்றும் தர வேண்டும். அக்காவுக்கு உள்ள பொறுப்பு முழுவதும் இவருக்கும் உண்டு. ஆகவே யாரிடமாவது கேட்பதென்றால் மேலே சொன்ன காலக்கெடுவையும் பொறுப்பையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒருவர் மறுத்தால் மனத்தாங்கல் கொள்ளாதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவரை ஸ்பான்சராகச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நேர்காணலில் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. பொய் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால், பண ஆதரவுக் குறையைவிடப் பெரிய தடையாகிவிடும்.

பதிவேற்றுவதும் காத்திருப்பதும்

மனு ஏற்கப்பட்டதும் வழக்கு தேசிய விசா மையத்துக்கு வரும். நேர்காணல் நடக்கும் மும்பைக்குரிய வழக்கு எண் பி.எம்.பி. என்ற எழுத்துகளில் தொடங்கும். குடும்ப விசா விண்ணப்பத்துக்கு ஒருவருக்கு 325 டாலர், பண ஆதரவுப் படிவத்தைப் பரிசீலிக்க 120 டாலர். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும், எனவே பிள்ளையே கட்டிவிடட்டும். பிறகு டிஎஸ்-260 விண்ணப்பம், அதன்பின் ஸ்பான்சர் காகிதங்களும் பிறப்பு, திருமணச் சான்றுகளும் இணையத்தில் பதிவேற்றம்.

ஐ-864-க்கு நோட்டரி தேவையில்லை, ஆனால் கையெழுத்து கட்டாயம். எங்கள் ஐ-864ஏ-யில் மாமா கையெழுத்திட்டிருந்தார், அக்காவுக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. நான் மூன்று முறை பார்த்தும் கண்ணில் படவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு திருத்திக் கொடுக்கும்படி செய்தி வந்தது, மீண்டும் வரிசையில் வாரக்கணக்கில் நின்றோம். நீங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து, கையெழுத்து வர வேண்டிய இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பதிவேற்றும் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத கேள்வியை வெற்றாக விடாமல் படிவக் குறிப்பின்படி நிரப்புங்கள்.

மும்பையில்

குடியேற்ற விசாவின் நேர்காணல் நமக்கு மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தில். கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் போகலாம், பாலக்காட்டிலிருந்து ரயிலிலும் போகலாம். படிவம் கொடுத்த பின் புதிய வரி ஆண்டு முடிந்திருந்தால், புதிய டிரான்ஸ்கிரிப்டையும் அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் பிள்ளையிடம் வாங்கி உடன் கொண்டுபோங்கள்.

படிவம் சரியாக இருந்தாலும், விண்ணப்பதாரரின் வயது, உடல்நலம், குடும்ப நிலை, சொத்து, கல்வி, திறமை ஆகியவற்றையும் அதிகாரி பார்ப்பார் என்று சட்டம் சொல்கிறது. மகள் எங்கே வேலை பார்க்கிறாள், வீட்டில் எத்தனை பேர், உங்கள் மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு வயதானவர்கள் தாங்களே பதில் சொல்ல வேண்டும். ரயிலில் போகும் வழியெல்லாம் நான் அப்பாவிடம் இவற்றைக் கேட்டுக்கொண்டே வந்தேன். மனப்பாடம் செய்வதற்காக அல்ல, அக்காவின் வீட்டை அவர் உள்ளபடி அறிந்துகொள்வதற்காக. சன்னலில், மகள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது அவர், "இப்போது நான்கு, நாங்கள் போனால் ஆறு" என்றார்.

காகிதம் ஏதாவது குறைந்தால் 221(ஜி) என்று குறிப்பிட்ட சீட்டுத் தருவார்கள். அது நிரந்தர மறுப்பு அல்ல. கேட்டதை, கேட்ட முறையில், ஓராண்டுக்குள் கொடுத்துவிடுங்கள். ஓராண்டு தாண்டினால் விண்ணப்பத்தை மறுபடியும் தொடங்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகும் ஸ்பான்சருக்கு ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. அவர் வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன அடுத்த ஆண்டு அக்கா, கீழ்த்தளத்தில் படுக்கையறை உள்ள வீட்டுக்குக் குடிமாறினார். மாடிப்படி அம்மாவின் முழங்காலுக்கு ஆகவில்லை. பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன் அந்தப் படிவத்தை அனுப்பச் சொல்லி நான் இங்கிருந்து இரண்டு முறை அழைத்தேன்.